பார்த்துச் செய்தது

அந்தப் பயணத்துக்கு நான் பையில் எடுத்து வைத்தவை: நீதிமன்ற ஆணையின் மூன்று நகல்கள், அளவு நாடா, இடைவெளி அளக்கும் காலிப்பர், அரக்கு, மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி, சணல், ஐந்து வரிசை கொண்ட ஓர் அட்டவணை. எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் வழக்கம். பட்டியல் சரியாக இருந்தால் வேலை சரியாக இருக்கும் என்று அப்போது நம்பினேன்.

சென்னையில் காப்புரிமை வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் எனக்கு வேலை. நான் வக்கீல் அல்ல. இயந்திரப் பொறியியல் படித்தவள். இயந்திரத்தை வக்கீலுக்குப் புரியும்படி சொல்வதும், வக்கீல் கேட்டதை இயந்திரத்தில் தேடிக் காட்டுவதும் என் பணி.

வழக்கு இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நெல் அறுவடை இயந்திரம் செய்கிறது. அதில் ஒரு பாகத்துக்கு இங்கே காப்புரிமை வாங்கியிருந்தது. அவர்கள்தான் எங்கள் கட்சிக்காரர்கள். ஒரு வியாபாரி வேறொரு நாட்டிலிருந்து அதே பாகம் வைத்த, டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டிகளை இறக்குமதி செய்து டெல்டாவில் விற்றுவந்தார். எங்கள் புகாரில் சுங்கத்துறை அவருடைய புது வண்டிகளைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டது. நீதிமன்றமும் இடைக்காலத் தடை கொடுத்தது.

பாகம் சின்னதுதான். மழையில் நெற்பயிர் சாய்ந்துவிட்டால் கத்திக்கு அகப்படாது. அதனால் கத்திக்கு முன்னால் இரும்பு விரல்களை நீட்டி வைத்து, அவை பயிரைத் தூக்கிக் கொடுக்கும்படி செய்வார்கள். ஆனால் நம் பக்கத்து வயல் சிறியது. இருபது அடி போனால் வரப்பு வந்துவிடும். விரல் வரப்பில் குத்தி வளையும், அல்லது சேற்றில் புதையும். எங்கள் கட்சிக்காரரின் விரல், மோதினால் பின்னால் மடங்கும். தடை நீங்கினால் ஸ்பிரிங்கால் தானே நிமிரும். காப்புரிமை அதற்குத்தான்.

வியாபாரியின் பதில் ஒரே வரி: இது அவர்கள் கண்டுபிடிப்பு அல்ல, டெல்டாவில் ஏற்கெனவே இருந்தது, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய வண்டியின் கத்திப்பகுதி கிடக்கிறது, போய்ப் பாருங்கள். அதே வீட்டில் அவர் விற்ற புது வண்டியும் நின்றது. நீதிமன்றம் ஓர் ஆணையரை அனுப்பியது. பழையதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். புதியதை அடுத்த விசாரணை வரை சீல் வைக்க வேண்டும். வீட்டாரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும்.

ஆணையர் இளம் வழக்கறிஞர், வடக்கே வளர்ந்தவர். தமிழ் கேட்டால் பாதி புரியும், எழுத வராது. இரு தரப்பும் சம்மதித்ததால் தமிழில் எழுதுவதும் அதை ஆங்கிலமாக்குவதும் என்னிடம் வந்தன. வியாபாரி தரப்பிலிருந்து வந்த ஜூனியர் வக்கீல் காரை விட்டு இறங்கி ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு காருக்குள் போய் உட்கார்ந்து யாரிடமோ கல்யாண மண்டபம் கிடைக்காதது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

தை மாதம். பொங்கல் முடிந்து பத்து நாள். பருவம் தப்பிய மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்திருந்தது. சாலையின் இரு பக்கமும் சம்பா படுத்துக் கிடந்தது. பெரிய பண்ணை வயல்களில் வண்டிகள் ஓடின. நாங்கள் போகிற வீட்டின் தெருக்காரர்கள் குத்தகைக்கு எடுத்த கோயில் நிலத்துத் துண்டு வயல்களில் ஒன்றும் ஓடவில்லை. அவர்களுக்கு அறுக்கிற வண்டி எங்கள் ஆணையில் இருந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரி நாற்பத்தைந்து வயதுப் பெண். கூலிவேலை பார்த்த குடும்பம். போராடி வாங்கிய பட்டா மனையில் வீடு. ஊரில் அவரை வண்டிக்காரம்மா என்றார்கள். தம்பி வண்டி ஓட்டுவார், வெல்டிங்கும் தெரியும்.

சீல் என்றதும் தெரு கூடிவிட்டது.

"ஜப்தியாம்ல," என்றார் ஒருவர்.

"ஜப்தி இல்லைங்க," என்றேன். "இது கோர்ட் சீல். வண்டி உங்களுடையதுதான். கொஞ்ச நாளைக்கு ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்."

"அரக்கு வச்சா எங்கூர்ல அதுக்குப் பேரு ஜப்திதான் மேடம்," என்றார் வண்டிக்காரம்மா. "நல்லாத்தான் சொல்றீங்க. சோறு ஒன்னுதுதான், திங்கக் கூடாது, அவ்வளவுதான்."

கூட்டம் சிரித்தது. கட்சிக்கரை வேட்டியோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "எங்க ஆட்சியில விவசாயி வண்டிக்கு சீலா? யாரு உத்தரவு?" என்றார். ஆணையர் காகிதத்தை நீட்டினார். மேலே இருந்த முத்திரையைப் பார்த்தவர், "ஐகோர்ட்டா? அப்ப சட்டப்படி நடக்கட்டும். நம்ம ஆளுங்க ஒத்துழைப்புக் குடுங்கப்பா," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"ஒத்துழைப்புக் குடுக்கச் சொல்ல ஒரு ஆளு, அதுக்குப் பெட்ரோல் வேற," என்றார் வண்டிக்காரம்மா.

நான் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கும்போது அவர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். "இந்த மிஷினு மொதமொத பண்ண வயலுக்கு வந்தப்ப எனக்கு பதினெட்டு வயசு. எங்க கூலி போயிடும்னு பொம்பளைங்கல்லாம் வரப்புல படுத்துட்டோம். போலீசு புடிச்சு மண்டபத்துல வச்சு தயிர்சாதம் போட்டுச்சு. இப்ப நானே மிஷினு வாங்கியிருக்கேன், நீங்க வந்து சீலு வைக்கிறீங்க. எனக்கும் மிஷினுக்கும் ராசியே இல்ல போ."

அரக்கு என் விரலில் பட்டது. அவர்தான் தண்ணீர் ஊற்றினார்.

அவர்கள் முன்பு ஓட்டிய பழைய வண்டியின் கத்திப்பகுதி வீட்டின் பின்புறம், பரங்கிக்கொடிக்குள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. துரு. விரல்களில் மூன்றுதான் மிச்சம். மூன்றும் ஒரு கீலில் மாட்டியிருந்தன. இரண்டில் ஸ்பிரிங் இருந்தது. குனிந்து பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டின் ஸ்பிரிங். ஒரு விரலைக் கையால் பின்னுக்குத் தள்ளி விட்டேன். துருவையும் மீறி டக்கென்று நிமிர்ந்தது.

அந்த ஒரு நொடி எனக்கு வந்தது சந்தோஷம். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பல பக்க வரைபடத்தில் நான் படித்திருந்ததைச் சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவர் முடித்திருக்கிறார்.

"கோழிக்கால்னு சொல்லுவோம் மேடம்," என்றார் தம்பி. "வரப்பு இடிச்சா மடங்கும். தாண்டுனா நிமுந்துக்கும். எங்க அக்கா மாதிரி."

"ஒன்ன மாதிரி மடங்குனது மடங்குனபடியே கெடந்தா வண்டி ஓடுமா?" என்றார் அக்கா.

என் அட்டவணையில் நான்கு வரிசை நிரம்பிவிட்டது. பாகம் உள்ளதா, என்ன பொருள், மடங்குகிறதா, நிமிர்கிறதா. நான்கும் வியாபாரிக்குச் சாதகம். ஐந்தாவது: எப்போது, எப்படிச் செய்தது. வழக்கே அதில்தான். விண்ணப்பத்துக்கு முன்பே இவர்கள் தாங்களாகச் செய்திருந்தால் எங்கள் காப்புரிமை ஆட்டம் காணும். விண்ணப்பம் போட்ட மறுமாதமே எங்கள் கட்சிக்காரர்கள் திருவாரூர்ப் பக்கம் ஒரு செயல்விளக்கம் நடத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் அதைப் பார்த்துச் செய்திருந்தால் வியாபாரியின் பதில் செத்துவிடும். துருவை வைத்து வருஷம் சொல்ல முடியாது. வண்டிக்காரம்மாவின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வாசலில் நாற்காலி போட்டார்கள். அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு கேட்டேன்.

"கம்பெனிக்காரங்க டெமோ காட்டினாங்களே, போனீங்களா?"

"போனமே. பஸ்சு வச்சுக் கூட்டிட்டுப் போயி பிரியாணி போட்டாங்க. போவாம இருப்பமா?"

"இந்தக் கோழிக்கால் எப்படிச் செஞ்சீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. "அதா? அது பாத்துப் பாத்துச் செஞ்சது மேடம். சும்மா இல்ல."

என் அம்மாவின் ஊரும் டெல்டாதான், குத்தாலம் பக்கம். அம்மாவும் நடவுக்குப் போனவர். நான் இரண்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடிக்கும் வரை வளர்ந்த கதையை உறவுக்காரர்களிடம் அவர் ஒரே சொல்லில் சொல்வார்: பாத்துப் பாத்து வளத்தேன். எதையும் பார்த்து அதைப் போல வளர்த்தேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொன்றையும் கவனித்து, பொறுத்து, திருத்தி, பக்குவமாக. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனை நாளாச்சு, டெமோவுக்கு முன்னாடியா பின்னாடியா. எளிய கேள்வி. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. அதனால்தான் கேட்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் ஆணையர்.

"அவ்வளவுதான் சார்," என்றேன்.

காகிதத்தில் இப்படி எழுதினேன்: செயல்விளக்கத்துக்குப் போனோம். கோழிக்கால் என்னும் பாகம் பார்த்துச் செய்தது. பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது இரட்டிப்பை எடுத்துவிடுவது வழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனது ஒரே ஒரு 'பார்த்து'. அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். இடது பக்கம் சாய்ந்த எழுத்தில், மெதுவாக, ஒவ்வொரு புள்ளியும் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஜூனியர் வக்கீல் ஒரு காதில் போனோடு வந்து அவரும் போட்டார்.

ஆங்கிலத்தில் எழுதியபோது அந்த ஒற்றை 'பார்த்து' எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும். விழவும் வைத்தேன். அந்த இயந்திரத்தைக் கண்டு அதன்படி செய்ததாக வாசிப்பவருக்குத் தோன்றும் வாக்கியம். ஐந்தாவது வரிசை நிரம்பியது.

அடுத்த விசாரணைக்கு முன்னால் என் சீனியர் அறிக்கையைப் படித்துவிட்டு, "இந்த ஒரு வரி போதும்மா," என்றார். போதுமாக இருந்தது. தடை நீடித்தது. துறைமுகத்தில் நின்ற வண்டிகள் அங்கேயே நின்றன. வண்டிக்காரம்மாவின் சீலும் தொடர்ந்தது. கூடவே, அதே வியாபாரியிடம் வண்டி வாங்கிய மற்றவர்கள் அந்த விரல்களைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. சாய்ந்த சம்பாவில், விரல் இல்லாமல்.

நான்கு நாள் கழித்துத் தம்பி போன் செய்தார். என் விசிட்டிங் கார்டை நானே கொடுத்திருந்தேன்.

"மேடம், அக்கா காப்பியடிச்சதா ஒத்துக்கிச்சுன்னு கோர்ட்ல எழுதியிருக்காமே? வண்டிக்காரவங்கல்லாம் வந்து சண்ட போடுறாங்க. ஒன் வாயாலதான் எங்க வண்டி நொண்டியாச்சுங்கிறாங்க. அது அப்புடிச் சொல்லலியே மேடம். நீங்கதான இருந்தீங்க."

"அது கோர்ட் விஷயம். உங்க வக்கீல்கிட்ட பேசுங்க," என்றேன். என் குரல் ஒழுங்காக இருந்தது. எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

அன்று மாலை சீனியர் அறைக்குப் போனேன். மொழிபெயர்ப்பில் ஒரு சந்தேகம் என்றேன்.

"வார்த்தை தப்பா?"

"தப்புன்னு இல்ல சார். அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு."

"அந்தம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க."

"எதிர்த்தரப்பு ஆட்சேபிச்சாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? அவங்க வேலையையும் நீயே செய்யப் போறியா?"

அவர் கெட்டவர் இல்லை. நான் சந்தேகம் என்று சொன்னதைச் சந்தேகமாகவே எடுத்துக்கொண்டார். சந்தேகமே இல்லை சார், நான் தெரிந்துதான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அதைச் சொல்லவில்லை. சம்பா அறுவடை முடிந்தது. கோயில் நிலத்துக்காரர்களில் சிலர் ஆள் வைத்து அறுத்தார்கள் என்றும், சிலருடைய நெல் சாய்ந்த கதிரிலேயே முளைத்துவிட்டது என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

வைகாசியில் இரண்டு தரப்பும் சமரசமாயின. வியாபாரி எங்கள் கட்சிக்காரருக்கே டெல்டா விற்பனையாளர் ஆனார். வழக்கு வாபஸ். துறைமுகத்து உத்தரவு முடிந்தது. கோழிக்காலை முதலில் செய்தது யார் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. சீலை எடுக்க ஆணையர் போக வேண்டும். கூட யார் என்று கேட்டபோது நான் வருகிறேன் என்றேன்.

வாய்க்கால்கள் வறண்டு கிடந்தன. வண்டியின் கத்திக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. அரக்கை உடைத்து, துணியைப் பிரித்து, வண்டி ஒப்படைக்கப்பட்டது என்ற காகிதத்தில் வண்டிக்காரம்மாவிடம் கையெழுத்துக் கேட்டேன். அவர் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"இந்தத் தடவ நீங்க போடுங்க," என்றார். "நான் சொன்னேன்னு போட்டீங்கல்ல. நான் அப்புடிச் சொல்லலன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

"வழக்கு முடிஞ்சிடுச்சும்மா. இனிமே அதுக்கு அவசியம் இல்ல."

"கோர்ட்டுக்கு இல்ல. எனக்கு." தெருமுனையைக் காட்டினார். அங்கே டீக்கடைப் பந்தலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "குறுவைக்கு எந்த ஊருக்கு யாரு வண்டின்னு முறை போடுறாங்க. எம் பேர எடுத்துட்டாங்க. நாலு பேரு வண்டிய முடக்குனவளுக்கு முறை கெடையாதுங்கிறாங்க. வண்டி வந்துருச்சு, வயலு எங்க?"

சைக்கிள் ஸ்டாண்டை எப்போது வெட்டினார்கள் என்பதை அப்போதுதான் கேட்டேன். டெமோவுக்கு இரண்டு சம்பா முந்தி. முதலில் ரப்பர் வைத்துப் பார்த்தார்கள், அறுந்தது. பிறகு ஜீப் சீட் ஸ்பிரிங், அது முரட்டுத்தனம். பிறகு இது. "அதத்தான பாத்துப் பாத்துச் செஞ்சோம்னு சொன்னேன்," என்றார். கோபமாகக்கூட இல்லை.

ஆணையர் வீட்டுக்குள் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்: "வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்துவிட்டது."

"நேந்துருச்சா?" என்றார். "தானாவா நேந்துச்சு? மழையா அது, பேஞ்சதுன்னு சொல்றதுக்கு? யாரு செஞ்சதுன்னு இல்லாத பேப்பர அவங்க நம்ப மாட்டாங்க."

கிழித்தேன். இரண்டாவது தாளில் 'நான்' என்று தொடங்கினேன். அந்தச் சொல்லை எழுதிவிட்டு வெகுநேரம் நின்றேன். அடுத்து வர வேண்டிய சொல் 'தெரிந்தே'. எனக்கு அப்போது தோன்றியவை வரிசையாக: இந்தத் தாள் சென்னைக்கு வரும், ஆணையர் பார்ப்பார், என் வேலை போகும், அம்மா கேட்பார். அந்த வரிசையில் அவருடைய குறுவை இல்லை.

நான் எழுதியது: நான் அவர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன். அவர் எதையும் பார்த்துக் காப்பியடித்ததாகச் சொல்லவில்லை. கீழே கையெழுத்து, தேதி.

படித்துக் காட்டினேன். அவர் கண் கலங்கியது. "இது போதும் பாப்பா," என்றார். "நான்கூட மனசுக்குள்ள திட்டிட்டேன், வேணும்னே எழுதிட்டாளோன்னு. மெட்ராசுல பொறந்து வளந்த புள்ளைக்கு எங்க பேச்சு எப்புடிப் புரியும்? அது ஒங்க தப்பு இல்ல." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார்.

நான் பிறந்ததும் குத்தாலம் பக்கம்தான், அங்கிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அதையும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் காகிதம் பொய்யென்று ஆகிவிடும். காகிதம் பொய்யானால் அவருக்கு முறை கிடைக்காது. இப்படி ஒரு நியாயம் எனக்கு அந்த இடத்திலேயே கிடைத்தது.

அவர் தாளை மடிக்காமல், இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தார். நான் காருக்குள் உட்கார்ந்தேன். முறை எழுதும் ஆள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார். "அதான பாத்தேன்," என்று ஒருவர் சத்தமாகச் சொன்னது கார் வரை கேட்டது. "அக்கா அப்புடிச் சொல்ற ஆளா?" யாரோ பெஞ்சில் இடம் விட்டார்கள். நோட்டு திறந்தது. முறை எழுதுபவர் எதையோ எழுதினார்.

பிறகு அவர்கள் எல்லோரும் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கோபம் இல்லை. புரியாத ஊருக்கு வந்து தடுமாறிய ஒரு பெண்ணைப் பார்க்கிற பார்வை. கண்ணாடிக்காரர் கையை உயர்த்தி, "பரவால்லம்மா, பாத்துப் போங்க!" என்றார்.

ஆணையர் ஏறி உட்கார்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"நல்லபடியாப் போயிட்டு வரச் சொல்றாங்க சார்," என்றேன். நானும் கையை உயர்த்திக் காட்டினேன்.